கிளவுட் ரன் செயலியை ஏற்றும் முன் சொந்தக் கணினியில் இயக்கிப் பிழை தேடுதல்: முழுமையான வழிகாட்டி

கன்டெய்னர்களை, அதாவது செயலியும் அதற்குத் தேவையானவையும் சேர்ந்த பொதிகளை, இயக்கித் தரும் கூகுளின் கிளவுட் ரன் சேவையில் முதன்முதலாக ஒரு செயலியை ஏற்றும் பலர், கன்டெய்னர் தொடங்கி 8080 என்ற போர்ட்டில் செவிமடுக்கத் தவறிவிட்டது என்ற பிழைச் செய்தியைச் சந்திக்கிறார்கள். இந்தச் செய்தி விளைவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நிரல் நூலகம் ஒன்று இமேஜில் (கன்டெய்னர் உருவாகும் அச்சில்) இல்லாமல் செயலி தொடக்கத்திலேயே விழுந்திருக்கலாம், தரவுத்தளத்தின் கடவுச்சொல் கிடைக்காமல் நின்றிருக்கலாம், சர்வர் தவறான முகவரியில் திறந்திருக்கலாம், மூன்றுக்கும் அதே செய்திதான் வரும். ஒவ்வோர் ஊகத்தையும் சோதிப்பதற்காக இமேஜைக் கட்டி, இமேஜ்களைச் சேமிக்கும் பதிவகத்துக்கு அனுப்பி, மறுபடி ஏற்றி, லாக்கை (செயலியின் பதிவுக் குறிப்பை) திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பிற்பகல் போய்விடும். அதே கன்டெய்னரைச் சொந்தக் கணினியில் ஓட்டினால் உண்மைக் காரணம் சில நொடிகளில் முனையத் திரையில் வந்து நிற்கும்.

ஆனால் பைத்தான் கோப்பை நேரடியாக ஓட்டி, உலாவியில் பக்கம் தெரிந்ததும் திருப்தி அடைவதில் பெரிய பயன் இல்லை. கிளவுடில் செயலி எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓடப்போகிறதோ அந்த நிபந்தனைகளை இயன்றவரை கணினியிலும் விதித்து ஓட்டினால்தான் பிழைகள் முன்கூட்டியே வெளிப்படும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும், இரண்டு சூழல்களுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாட்டை நீக்குவதற்கானது.

எடுத்துக்காட்டாக ஒரு கடையின் ரசீதுச் செயலியை வைத்துக்கொள்வோம். அது பைத்தானில் ஃபிளாஸ்க் என்ற வலைச் செயலிச் சட்டகம் கொண்டு எழுதப்பட்டது. ஆர்டர்களை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமிக்கிறது, பப்சப் என்ற கூகுளின் செய்தி வழங்கும் சேவை வழியாக வரும் செய்தியைப் பெற்றுத் தமிழில் ஒரு பிடிஎஃப் ரசீதை உருவாக்குகிறது, அதை கிளவுட் ஸ்டோரேஜ் என்ற கோப்புக் கிடங்கில் வைக்கிறது. மொழியும் கருவிகளும் வேறாக இருந்தாலும் கீழே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: நிபந்தனைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

கிளவுட் ரன் ஒரு கன்டெய்னரிடம் எதிர்பார்ப்பவை சிலவே, ஆனால் அவை கறாரானவை. இமேஜ் 64 பிட் லினக்ஸுக்காக, அதாவது இன்டெல், ஏஎம்டி வகைச் சிபியுக்களுக்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சர்வர் 0.0.0.0 என்ற (எல்லா வலை இடைமுகங்களையும் குறிக்கும்) முகவரியில், போர்ட் என்ற சூழல் மாறி (வெளியிலிருந்து செயலிக்குத் தரும் அமைப்பு மதிப்பு) தரும் எண்ணில் செவிமடுக்க வேண்டும், நாம் வேறு எண் குறிப்பிடாவிட்டால் அது 8080. நினைவகம் தனியாகக் கேட்காவிட்டால் 512 மெபிபைட். ஒரு கோரிக்கைக்கான காலவரம்பு இயல்பாக 5 நிமிடம், அதை 60 நிமிடம் வரை உயர்த்தலாம். கன்டெய்னருக்குள் எழுதும் கோப்புகள் வட்டில் போய் அமர்வதில்லை, அவை நினைவகத்தில்தான் இருக்கின்றன, அந்த 512 மெபிபைட்டிலிருந்தே இடம் எடுத்துக்கொள்கின்றன. நிகழ்வு (ஓடும் கன்டெய்னர் பிரதி, இன்ஸ்டன்ஸ்) ஒன்றை நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்பி 10 நொடி அவகாசம் தருகிறது, அதற்குள் முடித்துக்கொள்ளாத செயலியைச் சிக்கில் சிக்னலால் முடித்துவிடுகிறது. இந்தக் குறிப்பை ரெப்போசிட்டரியின் முகப்புக் கோப்பிலேயே வைத்திருப்பது நல்லது, ஏனெனில் பின்வரும் சோதனைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாம் படி: இமேஜைச் சரியாகக் கட்டுங்கள்

ஆப்பிள் சிலிக்கான் உள்ள மேக் கணினியில், கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் டாக்கர் கருவியின் பில்ட் கட்டளையைக் கொடுத்தால், அது இயல்பாக ஆர்ம் வகை இமேஜைக் கட்டும். அந்த இமேஜ் உங்கள் மேசையில் குறைவின்றி ஓடும், கிளவுட் ரன்னில் ஓடாது. இயக்க வடிவம் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரி லாக்கில் வந்தால் இதுதான் காரணம். பிளாட்ஃபார்ம் விருப்பத்துக்கு லினக்ஸ்/ஏஎம்டி64 என்ற மதிப்பைக் கொடுத்துக் கட்டினால் சிக்கல் தீரும். எமுலேஷன் (வேறு வகைச் சிபியுவைப் போலப் பாவித்தல்) வழியாக ஓடுவதால் வேகம் குறையும், அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

இமேஜைக் கட்டும் வழிமுறைகள் உள்ள டாக்கர்ஃபைலின் கடைசி வரியான தொடக்கக் கட்டளையில் கவனம் தேவை. போர்ட் எண்ணைச் சூழல் மாறியிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால் பலர் அதை ஷெல் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்) வழியாக எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது கன்டெய்னரின் முதல் செயல்முறையாக ஷெல் அமர்ந்துகொண்டு, சிக்டெர்ம் சிக்னலைச் செயலிக்குக் கடத்தாமல் விடக்கூடும். ஷெல் கட்டளையின் முன்னால் எக்ஸெக் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் ஷெல் விலகி, குனிகார்ன் என்ற பைத்தான் வலைச் சர்வரே முதல் செயல்முறையாகிவிடும். பைத்தான் தன் வெளியீட்டைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் வெளியிடுவதற்கு, பைத்தான்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் செயலி விழும் தருணத்தில், நமக்கு மிகவும் தேவையான கடைசி வரிகள் தேக்கத்திலேயே அழிந்துபோகும்.

இமேஜில் சேரக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் கோப்பில் கிட் அடைவையும், கடவுச்சொற்கள் உள்ள என்வ் கோப்பையும், கணினியில் உருவாக்கிய மெய்நிகர்ச் சூழலையும் தவறாமல் சேருங்கள். என்வ் கோப்பு இமேஜுக்குள் போய்விட்டால், அந்த இமேஜைப் பெறக்கூடிய எவரும் கடவுச்சொல்லைப் படிக்க முடியும்.

மூன்றாம் படி: கட்டுப்பாடுகளோடு ஓட்டுங்கள்

டாக்கர் ரன் கட்டளையில் போர்ட் மாறிக்கு 8080 என்று மதிப்புக் கொடுத்து, கணினியின் 9090 ஆம் போர்ட்டைக் கன்டெய்னரின் 8080 உடன் இணையுங்கள். இரண்டு எண்களும் வேறாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. ஒரே எண்ணை இரு பக்கமும் கொடுத்தால், நிரலுக்குள் எங்கோ 8080 என்று நேரடியாக எழுதப்பட்டிருப்பதும், உலாவிக்கான முகவரியைத் தவறாகக் கட்டுவதும் கண்ணில் படாது. பிறகு ஒருமுறை போர்ட் மாறியின் மதிப்பை 7000 என மாற்றி, இணைப்பையும் அதற்கேற்ப மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் செயலி பதில் தந்தால்தான் அது மாறியை உண்மையில் படிக்கிறது என்று பொருள்.

செயலி தொடங்கிவிட்டதாக லாக் சொல்லியும், கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு அழைத்தால் இணைப்பு அறுபடுகிறது என்றால், சர்வர் 127.0.0.1 என்ற முகவரியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னரை மட்டுமே குறிக்கும், வெளியிலிருந்து வருபவரை அது ஏற்காது. ஃபிளாஸ்க்கின் உள்ளமைந்த சர்வர் இயல்பாகவே அப்படித்தான் திறக்கும்.

அடுத்து நினைவகம். டாக்கர் ரன் கட்டளையின் மெமரி விருப்பத்துக்கு 512எம் கொடுங்கள், கூடவே மெமரி ஸ்வாப் விருப்பத்துக்கும் அதே மதிப்பைக் கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், கணினியில் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) இருக்கும் நிலையில் டாக்கர் இன்னொரு 512 மெபிபைட்டை ஸ்வாப்பாக அனுமதித்துவிடும், சோதனை பொய்த்துப்போகும். டெம்ப் அடைவை டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்திலேயே அமையும் கோப்பு முறைமை) ஆக ஏற்றினால், அங்கே எழுதும் கோப்புகளும் நினைவகக் கணக்கிலேயே சேரும். இந்த நிலையில் நூறு பக்க ரசீது ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். கன்டெய்னர் 137 என்ற வெளியேற்ற எண்ணோடு நின்றால் நினைவகம் போதாமல் கொல்லப்பட்டிருக்கக்கூடும். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையின் வெளியீட்டில் ஓஓஎம்கில்ட் என்ற புலம் உண்மை என்று காட்டினால் அது உறுதியாகும். என் அனுபவத்தில் ரசீது, அறிக்கை, படம் போன்றவற்றை உருவாக்கும் செயலிகளில் மிகுதியாகப் பிழை வெளிப்படுவது இந்த ஒரு சோதனையில்தான்.

நான்காம் படி: துணைச் சேவைகளைக் கணினியிலேயே எழுப்புங்கள்

செயலியையும் போஸ்ட்கிரெஸையும் பப்சப் எமுலேட்டரையும் (பப்சப்பைக் கணினியில் பாவிக்கும் நிரலையும்), பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் ஒரே டாக்கர் கம்போஸ் கோப்பில் எழுதுவது சிறந்தது. தொடங்குபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. செயலியின் அமைப்பில் தரவுத்தள முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால், கன்டெய்னருக்குள் ஓடும் செயலி தன்னிடமே போய்த் தரவுத்தளத்தைத் தேடும். கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதுவே மற்றக் கன்டெய்னர்களுக்கு அதன் முகவரி. ஆகவே தரவுத்தள முகவரி எப்போதும் சூழல் மாறியிலிருந்து வர வேண்டும். கிளவுட் ரன்னில் கிளவுட் எஸ்க்யூஎல் (கூகுளின் தரவுத்தளச் சேவை) இணைப்பு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகவும் வரக்கூடும் என்பதால், முகவரியையும் போர்ட்டையும் நிரலில் ஒட்டி எழுதியவர்கள் பின்னால் பிரிக்க நேரும்.

கம்போஸ் கோப்பில் டிபெண்ட்ஸ் ஆன் என்று வெறுமனே எழுதிவிட்டால், தரவுத்தளம் தயாராகும் வரை செயலி காத்திருக்காது. தரவுத்தளக் கன்டெய்னர் தொடங்கியதும் செயலியும் தொடங்கிவிடும், போஸ்ட்கிரெஸ் இணைப்புகளை ஏற்க இன்னும் சில நொடிகள் ஆகும். பிஜி இஸ்ரெடி கட்டளையை ஹெல்த்செக் (நலச் சோதனை) ஆக அமைத்து, சேவை நலமாக இருக்கிறது என்ற நிபந்தனையைச் சேருங்கள். செயலியும் தன் பங்குக்கு, இணைப்புக் கிடைக்காதபோது சற்றுப் பொறுத்து மறுமுயற்சி செய்ய வேண்டும்.

பப்சப் எமுலேட்டருக்கு ஜாவா தேவை, எமுலேட்டர்கள் அடங்கிய கூகுள் கிளவுட் கருவி இமேஜைப் பயன்படுத்தினால் அதைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. எமுலேட்டர் வழக்கமாக 8085 ஆம் போர்ட்டில் வரும், கன்டெய்னரில் ஓட்டும்போது அதையும் 0.0.0.0 முகவரியில் திறக்கச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் அதன் டாபிக்குகளும் சந்தாக்களும் மறைந்துவிடும், கூகுளின் ஜிகிளவுட் கட்டளையாலும் அவற்றை உருவாக்க முடியாது. ஆகவே கிளையண்ட் நூலகத்தைக் கொண்டு அவற்றை உருவாக்கும் சிறு தொடக்க நிரல் ஒன்றை எழுதி வையுங்கள்.

எமுலேட்டரின் முகவரியைச் செயலிக்குச் சொல்வது பப்சப் எமுலேட்டர் ஹோஸ்ட் என்ற சூழல் மாறிதான். யாராவது அதை அமைக்க மறந்தால் கிளையண்ட் நூலகம் ஓசையின்றி உண்மையான கிளவுட் சேவைக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். கணினியில் ஓட்டும்போது புராஜெக்ட் அடையாளத்துக்கு இல்லாத ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், மறதி நேர்ந்தாலும் அழைப்பு தோல்வியில்தான் முடியும், வாடிக்கையாளர்களின் உண்மையான வரிசைக்குள் சோதனைச் செய்தி நுழையாது. இந்த ஒரு முன்னெச்சரிக்கையை எந்த அணியும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: யாருடைய அனுமதியில் ஓடுகிறது என்று பாருங்கள்

உண்மையான கிளவுட் சேவை ஒன்றைக் கணினியிலிருந்து தொட வேண்டியிருந்தால், கூகுள் நூலகங்கள் சான்றுகளை ஒரு வரிசையில் தேடும்: முதலில் கூகுள் அப்ளிகேஷன் கிரெடென்ஷியல்ஸ் என்ற சூழல் மாறி சுட்டும் கோப்பு, அடுத்து ஜிகிளவுட் கருவியின் அப்ளிகேஷன் டிஃபால்ட் லாகின் கட்டளையால் நீங்கள் உள்நுழைந்தபோது உருவான கோப்பு, கடைசியாகக் கிளவுடில் மட்டும் கிடைக்கும் மெட்டாடேட்டா சர்வர். கணினியில் இரண்டாவது வழியில் நீங்களே உள்நுழைகிறீர்கள். நீங்கள் பெரும்பாலும் புராஜெக்ட்டின் உரிமையாளர், எல்லாக் கதவும் உங்களுக்குத் திறக்கும். கிளவுடிலோ செயலி ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்டின் (செயலிக்கான தனிக் கணக்கின்) பெயரில் ஓடுகிறது, அதற்கு ஸ்டோரேஜ் பக்கெட்டில் எழுதும் அனுமதி தரப்படாமலே இருந்திருக்கலாம். மேசையில் எல்லாம் சரியாக ஓடி, ஏற்றியதும் 403 (அனுமதி இல்லை) பிழை வருவது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, உள்நுழையும்போதே இம்பர்சனேட் விருப்பத்தில் அந்த சர்வீஸ் அக்கவுண்ட்டின் பெயரைக் கொடுங்கள். அதற்கு டோக்கன் உருவாக்கும் பங்கு உங்களுக்கு இருக்க வேண்டும். அப்போது செயலி கணினியில் ஓடினாலும் சர்வீஸ் அக்கவுண்ட்டின் அனுமதிகளோடு மட்டுமே ஓடும், விடுபட்ட அனுமதி அப்போதே தெரியும். ஜேசன் சாவிக் கோப்பைத் தரவிறக்கி அனைவருக்கும் பகிரும் வழக்கத்தைக் கைவிடுங்கள். உருவான சான்றுக் கோப்பைக் கன்டெய்னருக்குள் வாசிக்க மட்டும் முடிகிறபடி ஏற்றுங்கள், இமேஜுக்குள் நகலெடுக்காதீர்கள்.

ஆறாம் படி: ஓடும் கன்டெய்னருக்குள் டிபக்கரை இணையுங்கள்

பிரிண்ட் வரிகளைச் சேர்த்துச் சேர்த்து இமேஜை மறுபடி கட்டுவதைவிட, டிபக்பை என்ற டிபக்கர் (நிரலை இடையில் நிறுத்தி ஆராயும் கருவி) நூலகத்தைக் கொண்டு விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் திருத்தியிலிருந்து நேரடியாகக் கன்டெய்னருக்குள் நுழைவது மிகவும் எளிது. செயலியை டிபக்பை வழியாகத் தொடங்கி 0.0.0.0 முகவரியின் 5678 ஆம் போர்ட்டில் செவிமடுக்கச் செய்து, அந்தப் போர்ட்டைக் கணினியின் 127.0.0.1 முகவரியோடு மட்டும் இணையுங்கள். தொடக்கத்திலேயே விழும் பிழையைப் பிடிக்க வேண்டுமானால், கிளையண்ட் இணையும்வரை காத்திருக்கும் விருப்பத்தைச் சேருங்கள்.

பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய குறி) வைத்த இடத்தில் சிவப்புப் புள்ளி நிறம் மங்கி வெற்று வட்டமாக மாறினால், பாதைப் பொருத்தம் தவறாக இருக்கக்கூடும். கன்டெய்னரில் நிரல் ஆப் என்ற அடைவில் இருக்கிறது, உங்கள் கணினியில் வேறோர் அடைவில் இருக்கிறது. லாஞ்ச் ஜேசன் கோப்பின் பாதைப் பொருத்தப் பகுதியில் இரண்டையும் சரியாக எழுதினால் புள்ளி மறுபடி சிவக்கும். ஃபிளாஸ்க்கின் தானியங்கி மறுதொடக்கத்தை அணைத்துவிடுங்கள், இல்லையேல் அது கிளைச் செயல்முறை ஒன்றைத் தொடங்கி அதில் கோரிக்கைகளைக் கவனிக்க, டிபக்கர் தாய்ச் செயல்முறையில் காத்துக்கொண்டிருக்கும். குனிகார்ன் பயன்படுத்தினால் வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் செயல்முறை) ஒன்று மட்டும் வைத்து, காலவரம்பை 0 ஆக்குங்கள். அதன் இயல்பான வரம்பு 30 நொடி என்பதால், பிரேக்பாயிண்ட்டில் நின்று மாறிகளை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே வொர்க்கர் கொல்லப்பட்டுவிடும். முதல்முறை இது நேரும்போது செயலியில்தான் பிழை என்று எண்ணத் தோன்றும்.

கிளவுடில் ஏற்றப்படும் இமேஜில் டிபக்பை இருக்கக் கூடாது. அதற்கான மாற்றங்களை கம்போஸ் ஓவர்ரைட் கோப்பில் தனியாக வைத்தால், கணினியில் அது தானாகவே சேர்ந்துகொள்ளும், மூல டாக்கர்ஃபைல் தூய்மையாக இருக்கும்.

ஏழாம் படி: கிளவுடில் நேரக்கூடியவற்றை வலிந்து நிகழ்த்துங்கள்

கோரிக்கை ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே டாக்கர் ஸ்டாப் கொடுங்கள். லினக்ஸ் கன்டெய்னர்களுக்கு அதுவும் சிக்டெர்ம் அனுப்பி 10 நொடி காத்திருப்பதால் கிளவுட் ரன்னின் நடத்தையை அப்படியே ஒத்திருக்கிறது. செயலி கோரிக்கையை முடித்து 0 என்ற எண்ணோடு வெளியேறினால் நன்று. 10 நொடி கழிந்து 137 உடன் நின்றால் சிக்னல் செயலியை எட்டாமலோ கோரிக்கை அதற்குள் முடியாமலோ இருந்திருக்கலாம் என்று கொண்டு, இரண்டாம் படியில் சொன்ன எக்ஸெக் சொல்லைச் சரிபாருங்கள்.

அடுத்து டாக்கர் பாஸ் (இடைநிறுத்தக் கட்டளை) கொடுத்து, சில நிமிடம் கழித்து அன்பாஸ் செய்யுங்கள். இயல்பான கட்டண முறையில், கோரிக்கை இல்லாத நேரத்தில் கிளவுட் ரன் நிகழ்வுக்குச் சிபியு அநேகமாகக் கிடைப்பதில்லை. பதிலை அனுப்பிவிட்டுப் பின்னணி இழையில் மின்னஞ்சல் அனுப்பும் நிரல் கணினியில் ஓடும், கிளவுடில் பாதியில் உறைந்து நிற்கும். பாஸ் கட்டளை அந்த உறைவை ஓரளவு காட்டுகிறது. இடைவெளியில் தரவுத்தளக் கன்டெய்னரையும் மறுதொடக்கம் செய்தால், மீண்டெழும் செயலி செத்துப்போன இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரியும். எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைத்தான் தரவுத்தள நூலகத்தில் பூல் ப்ரீ பிங் அமைப்பு இதற்காகவே இருக்கிறது.

ஒரே இமேஜிலிருந்து இரண்டு கன்டெய்னர்களை ஓட்டி, ஒன்றில் உள்நுழைந்து மற்றொன்றில் அடுத்த கோரிக்கையை அனுப்புங்கள். நினைவகத்தில் அமர்வுத் தகவலை வைத்திருந்தால் அங்கேயே அகப்படும்.

பப்சப் செய்தி ஒன்றை இருமுறை அனுப்புங்கள். குறைந்தது ஒருமுறை வழங்குவதுதான் அதன் இயல்பான உத்தரவாதம், இரண்டாம் முறை வராது என்று அது சொல்லவில்லை. சந்தாவின் ஒப்புகைக் காலவரம்பு இயல்பாக 10 நொடி. ரசீதை உருவாக்க 12 நொடி ஆனால், நீங்கள் வெற்றி என்று பதிலளிப்பதற்குள் அதே செய்தி மீண்டும் வந்துவிடும், வாடிக்கையாளருக்கு இரண்டு ரசீது போகும். ஆர்டர் எண்ணின் மீது தனித்தன்மைக் கட்டுப்பாடு ஒன்றைத் தரவுத்தளத்தில் வைத்து, இரண்டாம் செய்தியை வெற்றி என்றே ஏற்று வேலையைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

நேரமும் எழுத்துருவும்

இவ்விரண்டும் நம்மவர்களின் செயலிகளில் அடிக்கடி காணும் பிழைகள் என்பதால் தனியே சொல்கிறேன். கன்டெய்னரின் கடிகாரம் இயல்பாக யூடிசி (உலகப் பொது) நேரத்தைக் காட்டும், இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியவை. நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், விடியற்காலை 4 மணிக்குப் பால் வண்டி கிளம்பும்போது பதிவாகும் விநியோகங்கள் யாவும் முந்தைய நாளின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தன. மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு ஒத்துவராததை வைத்துத்தான் அது தெரிந்தது. மேம்பாட்டாளர்கள் அனைவரும் இந்திய நேரம் அமைந்த மடிக்கணினியில் நிரலை நேரடியாக ஓட்டிச் சோதித்திருந்தார்கள், அதுவும் பகலில். நேரத்தை யூடிசியில் சேமித்து, நாளைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் ஆசியா/கொல்கத்தா மண்டலத்துக்கு மாற்றுங்கள். நாளைக் கணக்கிடும் செயல்கூறு, நடப்பு நேரத்தைத் தானே கேட்காமல் உள்ளீடாகப் பெறும்படி எழுதினால், அதிகாலை 2 மணியையும் இரவு 11.30 மணியையும் கொடுத்து டிபக்கரில் வரி வரியாகச் சோதிக்கலாம்.

எழுத்துருவின் கதையும் இதைப் போன்றதே. மடிக்கணினியின் இயங்குதளத்தில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் பிடிஎஃப் அழகாக வரும். சுருக்கப்பட்ட பைத்தான் இமேஜில் தமிழ் எழுத்துரு கிடையாது, ரசீதில் கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். டெபியன் சார்ந்த இமேஜில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் கட்டங்கள் மறையும். அதன் பிறகும் கொ, கௌ போன்ற எழுத்துகளை உற்றுப் பாருங்கள். எழுத்துச் சேர்க்கையை அறியாத நூலகமாக இருந்தால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி மெய்யெழுத்துக்குப் பின்னால் விழும். பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்தும் வீஸிபிரிண்ட் போன்ற கருவிகள் அதைச் சரியாகக் கோக்கின்றன. இந்தச் சோதனையைக் கன்டெய்னருக்குள் உருவான பிடிஎஃப்பைத் திறந்து, கண்ணால் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்.

கடைசிப் படி: பயனர் போக்குவரத்து இல்லாமல் ஏற்றுங்கள்

இத்தனைக்குப் பிறகும் கணினியில் காண முடியாதவை சில உள்ளன. எமுலேட்டர்கள் அனுமதிகளைச் சரிபார்ப்பதில்லை, வலையமைப்பு விதிகளும் சீக்ரெட் மேனேஜர் என்ற ரகசியச் சேமிப்பிலிருந்து வரும் உண்மையான மதிப்புகளும் ஏற்றிய பிறகே சோதனைக்கு உள்ளாகும். ஆகவே ஜிகிளவுட் ரன் டெப்லாய் கட்டளையில் நோ டிராஃபிக் விருப்பத்தையும் ஒரு டேக்கையும் சேர்த்து, கணினியில் சோதித்த அதே இமேஜை ஏற்றுங்கள், மறுபடி கட்டாதீர்கள். புதிய பதிப்புக்குத் தனி முகவரி கிடைக்கும், பயனர்கள் பழைய பதிப்பிலேயே இருப்பார்கள். ஆனால் போக்குவரத்து இல்லாத பதிப்பும் இங்கே உண்மையான தரவுத்தளத்தைத்தான் தொடும் என்பதால், சோதனைக்கென ஒதுக்கிய ஆர்டர் எண்ணையே பயன்படுத்துங்கள். அந்த முகவரியில் ஓர் ஆர்டரை இட்டு, ரசீதைத் திறந்து, லாக்கில் பிழை வரி ஏதும் இல்லை என்று பார்த்த பின் 5 விழுக்காடு போக்குவரத்தைத் திருப்புங்கள். தவறு தெரிந்தால் முழுப் போக்குவரத்தையும் பழைய பதிப்புக்கே திருப்பிவிட்டு, பிழையைக் காட்டிய கோரிக்கையை அப்படியே நகலெடுத்து, டிபக்கர் இணைந்த கன்டெய்னருக்கு அனுப்புங்கள்.